குஞ்சம்மாளின் சாட்சியம்

விஜயாவுக்குப் பார்வை முழுதாக அடங்கியது தொண்ணூற்றெட்டாம் வருஷம் வைகாசியில். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதிமூன்று வருஷம் தமிழ் நடத்தியிருந்தாள். வலது கண் முன்பே போயிருந்தது. இடது கண்ணில் வெளிச்சம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு சாவித்துவாரம் அளவுக்கு நின்று, ஒரு நாள் அதுவும் இல்லாமல் போனது. வேலையை விட்டாள்.

அவள் புருஷன் சிவபிரகாஷ் அதே மலையில் எடப்புளி நாட்டில் மிளகும் காப்பியும் போட்டிருந்தான். பிள்ளைகள் இல்லை. அவனை நல்ல மனுஷன் என்றுதான் ஊர் சொன்னது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வெந்நீர் விளாவி வைப்பான். அவள் நடக்கிற வழியில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி எறிவான். தபால் வந்தால் படித்துச் சொல்வான். கதைப் புத்தகம் மட்டும் அவனுக்கு ஆகவில்லை. இரண்டு பக்கம் தாண்டினால் குரல் கம்மிவிடும்.

"எனக்கு இது வராது விஜயா. நாக்கு சுத்திக்குது" என்று புத்தகத்தை மூடிவிடுவான்.

அவனிடம் மிளகு எடுக்க வரும் ஜமால் முகமதுதான் அந்தச் சங்கதியைச் சொன்னார். சேந்தமங்கலத்தில் அவருக்கு மண்டி. கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் இருந்து இறந்துபோன தன் தாயாருக்காக, மண்டியின் மாடியில் செவிநூல் வட்டம் என்று ஒன்றை அவர் நடத்திவந்தார். புத்தகம் படிக்கத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடுவார்கள். பழைய நாவல்களை ஆளுக்கு இரண்டு அத்தியாயம், மூன்று அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டு டேப்பில் படிப்பார்கள். கேசட் கடை தவ்பீக் அதைப் பிரதி எடுப்பான். சுற்றுப்பட்டில் கண் தெரியாத ஐம்பது பேருக்கு அது போய்ச் சேரும். மலைக்கு மேலே இருந்தது விஜயா ஒருத்திதான். காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு ஏறி வருகிற பஸ்ஸில் கண்டக்டர் சின்னராசு கேசட் கட்டைக் கொண்டுவந்து, ரோட்டோரத்தில் நிற்கும் அவள் கையில் கொடுப்பார். கேட்டு முடித்ததை வாங்கிக்கொண்டு போவார்.

இரண்டு வருஷத்தில் ஒன்பது நாவல் கேட்டாள். குரல்கள் அவளுக்குப் பழகிவிட்டன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அர்த்தனாரி ஒவ்வொரு வாக்கியத்தையும் கொடிக்கம்பத்தின் கீழே நின்று சொல்வதுபோல் சொல்வார். கெட்டவன் பேசும் இடத்தில் தவ்பீக் குரலை மாற்றிப் பார்ப்பான், மாறாது. ஜமால் முகமதின் மகள் தஹ்ஸீன் படிப்பதைத்தான் கேட்கக் கஷ்டமாக இருக்கும். காலேஜில் கணக்குப் படிக்கிற பெண். ழகரம் அவளுக்கு வராது. கமா, புள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நிறுத்துவாள். அச்சுப்பிழையையும் இருக்கிறபடியே படிப்பாள். "இந்த இடத்துல பூச்சி அரிச்சிருக்கு, நாலு எழுத்து தெரியலீங்க" என்று நடுவே சொல்லிவிட்டு மேலே போவாள்.

விஜயாவுக்குப் பிடித்த குரல் அம்சவேணியுடையது. பேங்கில் வேலை பார்க்கிற பெண் என்று சின்னராசு சொல்லியிருந்தார். அவள் படித்தால் படிப்பதுபோலவே இருக்காது. அடுப்படியில் உட்கார்ந்து, வீட்டு விஷயம் பேசுவதுபோல் இருக்கும். யாராவது அழுகிற இடத்தில் குரல் லேசாக அடைக்கும். அவளுடைய கண்ணாடி வளையல் மைக்கில் இடிக்கிற சத்தம்கூட விஜயாவுக்கு வேண்டியிருந்தது. அம்சவேணி படித்த அத்தியாயங்களை இரண்டாம் தடவையும் போட்டுக் கேட்பாள்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஐப்பசியில் 'தில்லைநாயகி வழக்கு' வந்தது. சுதந்திரத்துக்கு முந்தி எழுதின நாவல். அதை விஜயா பத்தொன்பது வயதில் ஹாஸ்டலில் படித்திருந்தாள். புருஷன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட தில்லைநாயகி கோர்ட்டுக்குப் போகிற கதை. துரத்தியதை வீட்டில் ஆறு பேர் கண்ணால் பார்த்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. புருஷனின் தங்கை குஞ்சம்மாள் பிறவியிலேயே கண் தெரியாதவள். அவள்தான் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்வாள். இருபத்தேழாவது அத்தியாயம். படித்த காலத்தில் அந்த அத்தியாயத்துக்கு அழுதது விஜயாவுக்கு நினைவிருந்தது. குஞ்சம்மாள் என்ன சொன்னாள் என்பது மறந்துவிட்டது. கண் போனதிலிருந்து எத்தனையோ தடவை அதை யோசித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தையும் திரும்பி வரவில்லை. அதனால் அந்தக் கேசட் கட்டு கைக்கு வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

வரிசை மாற்றாமல் கேட்டாள். ஒரு நாளைக்கு ஒரு கேசட்தான் என்று வைத்துக்கொண்டாள். ஆறாவது அத்தியாயத்தில் குஞ்சம்மாள் வரவேண்டும். அர்த்தனாரி படித்தார், வரவில்லை. தனக்குத்தான் எண் தப்பாக ஞாபகம் இருக்கிறது என்று விஜயா நினைத்தாள். பதினொன்றில் தில்லைநாயகிக்குத் தலைவாரிவிடுவது குஞ்சம்மாள். தவ்பீக்கின் குரலில் அது 'வீட்டுப் பெண் ஒருத்தி' என்று இருந்தது. இருபத்தேழுக்கு வந்தபோது அம்சவேணியின் குரல். கோர்ட் கூடியது, கூட்டம் நெருக்கியது, வக்கீல் எழுந்தார். அடுத்த வாக்கியத்தில் ஜட்ஜ் தீர்ப்பு சொன்னார். தில்லைநாயகி ஜெயித்தாள். அம்சவேணியின் குரல் சந்தோஷத்தில் தழுதழுத்தது.

விஜயா கேசட்டைத் திருப்பிப் போட்டாள். மறுபடியும் போட்டாள். எங்கும் டேப் அறுந்து ஒட்டிய சத்தம் இல்லை. குஞ்சம்மாள் என்று ஒருத்தி அந்தக் கதையில் பிறக்கவே இல்லை.

சிவபிரகாஷ் தோட்டத்திலிருந்து வந்ததும் சொன்னாள்.

"ஒரு ஆளையே எடுத்துட்டாங்க."

"எந்த ஆள?"

"கண்ணு தெரியாதவள."

அவன் கால் கழுவிக்கொண்டே, "சும்மா குடுக்கற கேசட்டு. அதுல ஒண்ணு ரெண்டு கொறையத்தான் செய்யும், உடு" என்றான்.

அவள் விடவில்லை. வீட்டு டேப் ரிக்கார்டரிலேயே வெற்றுக் கேசட் ஒன்றைப் போட்டு, செவிநூல் வட்டத்துக்கு ஒரு கடிதம் பேசினாள். பள்ளிக்கூடத்துக் குரல் தானாக வந்தது. கதையில் குஞ்சம்மாள் எந்தெந்த அத்தியாயத்தில் வருகிறாள் என்று வரிசையாகச் சொல்லி, ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டாள். 'சாட்சியே இல்லாமல் தீர்ப்பு வந்துவிட்டதே, அது எப்படி என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?' என்று முடித்தாள். சின்னராசு அதைக் கீழே கொண்டுபோனார்.

பத்து நாளில் பதில் கேசட் வந்தது. பேசியது அம்சவேணி.

"டீச்சர், நீங்க தப்பா நெனைக்கக் கூடாதுங்க. அந்தப் புஸ்தகத்துல அந்தம்மாவ ரொம்பக் கேவலமாப் பேசறாங்க. குருட்டுப் பொணம்னு பெத்தவளே திட்டுது. கடைசியில கெணத்துல வேற விழுந்துருது. இதக் கேக்கறவங்க எல்லாம் உங்கள மாதிரி ஆளுங்க. மனசு நொந்துபோயிரும்னு நாங்க எல்லாருமே உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணுனோம். அர்த்தனாரி சார்தான் பேனாவுல அடிச்சுக் குடுத்தாருங்க. தெரியாத மாதிரி ஒட்டவெச்சுப் படிக்கறதுக்கு நான் எவ்வளவு சிரமப்பட்டேன் தெரியுங்களா? உங்க நல்லதுக்குத்தானுங்க டீச்சர்." பிறகு கொஞ்ச நேரம் வளையல் சத்தம். "இதுவரைக்கும் யாருமே குத்தம் சொன்னதில்ல" என்றபோது குரல் உடைந்தது. அதே அடைப்பு, அதே தழுதழுப்பு. ஒன்பது நாவலில் கேட்டுக் கேட்டு விஜயா கண் கலங்கியது அதே குரலுக்குத்தான்.

'உங்கள மாதிரி ஆளுங்க' என்பதை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

மார்கழியில் ஜமால் முகமது மலைக்கு வந்தார். மிளகு பார்க்கிற சாக்கு. கூடவே தஹ்ஸீனும் வந்திருந்தாள். ஜமால் முகமது நின்றபடியே பேசினார்.

"டீச்சரம்மா, அந்த அம்சவேணிப் பொண்ணு அளுதுக்கிட்டே இருக்குதுங்க. ஞாயித்துக்கெளம வரவே மாட்டேங்குது. வேல வெட்டிய உட்டுட்டு வந்து படிக்கறவங்க. நீங்க ஒரு வார்த்த நல்லபடியா சொல்லீருங்க, போதும்."

"நான் கேட்டதுக்குப் பதில் வரலீங்களே."

"பெரிய மனசு பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்கு நிஜமாகவே வருத்தம் இருந்தது குரலில் தெரிந்தது. சிவபிரகாஷ் அவரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக் கொட்டகைக்கு மிளகு பார்க்கப் போனான்.

அவர்கள் போன பிறகு தஹ்ஸீன் பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. விஜயாவின் கையில் ஒரு கேசட்டை வைத்தாள்.

"இருபத்தேளாவது அத்தியாயம் டீச்சர். அடிச்ச பேனா மைக்குக் கீள எளுத்து தெரிஞ்சுச்சுங்க. வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் படிச்சேன். முளுசா இருக்கு. அத்தாவுக்குத் தெரியாது."

"உனக்கு ஏன் அந்த அத்தியாயத்தக் குடுக்கல?"

"நான் அடிச்சதத் தாண்டிப் படிக்க மாட்டேன், இங்க மை பூசியிருக்குன்னு சொல்லித்தான் படிப்பேன்னேங்க. அதனால குஞ்சம்மா வராத அத்தியாயமாப் பாத்து எனக்குக் குடுத்தாங்க."

விஜயா கேசட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பதில் கேசட் வந்ததிலிருந்து ஒரு நினைப்பு அவளைக் குடைந்துகொண்டிருந்தது. கதைக்காவது பத்துக் குரல் இருந்தது; அவளுக்கு வந்த கடிதம், ரசீது, பத்திரம் எல்லாவற்றையும் படித்தது ஒரே குரல். அப்படி நினைப்பதே பாவம் என்று தள்ளிப் பார்த்தாள். தள்ளத் தள்ளத் திரும்பி வந்தது.

"கண்ணு, கட்டிலுக்கு அடியில ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அத இழுத்து உள்ள இருக்கற காகிதத்த எல்லாம் படிக்கறயா? எதையும் உடாம."

தஹ்ஸீன் தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். காப்பிச் செடி வாங்கிய ரசீது. விஜயாவின் பி.எட். சான்றிதழ். அவள் அக்கா பொன்னம்மாள் எழுதிய கடிதங்கள். சிவபிரகாஷ் படித்தபடியேதான் எல்லாம் இருந்தன. விஜயாவுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. போதும் என்று சொல்லப் போனாள். அதற்குள் தஹ்ஸீன் அடுத்த காகிதத்தைப் பிரித்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக் கடுதாசிங்க. தொண்ணூத்தேளு, டிசம்பர் ஒம்போது."

அந்தக் கடிதம் விஜயாவுக்கு நன்றாக நினைவிருந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை எல்லாம் செய்து, முடிவைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்போது இடது கண்ணில் ஆள் தெரியும், எழுத்து தெரியாது. சிவபிரகாஷ்தான் படித்தான். வலது கண் திரும்பாது, இடது கண்ணுக்குச் சொட்டு மருந்தை விடாமல் போட்டு வரவும், அவ்வளவுதான்.

தஹ்ஸீன் எப்போதும்போல ஒரே சீராகப் படித்தாள். "வலது கண்ணில் பார்வை திரும்ப வாய்ப்பில்லை. இடது கண்ணில் எஞ்சியுள்ள பார்வையைக் காப்பாற்ற." அங்கே நின்றாள்.

"என்ன, பூச்சி அரிச்சிருக்குதா?"

"இல்லீங்க டீச்சர்."

"அப்பப் படி."

"காப்பாற்ற உடனடியாக அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. முப்பது நாட்களுக்குள் வந்து சேரவும். தாமதித்தால் இடது கண்ணின் பார்வையையும் நிரந்தரமாக இழக்க நேரிடும். சொட்டு மருந்து மட்டும் போதுமானதல்ல." அவள் மூச்சு வாங்கினாள். "அடியில இன்னொரு கார்டு குத்தி வெச்சிருக்குங்க. தொண்ணூத்தெட்டு பிப்ரவரி. தாங்கள் இதுவரை வரவில்லை. மேலும் காலம் கடத்த வேண்டாம். அவ்வளவுதானுங்க."

கார்டு வந்ததே விஜயாவுக்குத் தெரியாது.

"இன்னொருக்கா படி" என்றாள். தஹ்ஸீன் படித்தாள். இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை. படித்து முடித்துவிட்டு அழுதாள். விஜயா அவளைத் தேற்றவில்லை. கடிதத்தையும் கார்டையும் வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பெட்டியில் போட்டு மூடச் சொன்னாள்.

ஜமால் முகமது மகளைக் கூட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் இறங்கிப் போனார். சிவபிரகாஷ் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, மிளகு நன்றாகக் காய்ந்திருப்பதாக அவர் சொன்னதைச் சொன்னான். விஜயா கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"இதப் படிங்க."

காகிதத்தை அவன் வாங்கினான். பிரிக்கவில்லை. எந்தக் காகிதம் என்று தொட்ட உடனே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"எங்க பெரியம்மாவுக்குக் கண்ணு கேம்ப்புல ஆபரேசன் பண்ணுனாங்க" என்றான். "சீழ் புடிச்சு ரெண்டு நாள் கத்திக்கிட்டே கெடந்துச்சு. இருந்த கண்ணும் போயிருச்சு. நான்தான் பக்கத்துல இருந்தேன். உனக்கும் அப்படி ஆயிருமோன்னு."

"நான் கேட்டனா?"

"படிச்சிருந்தா நீ போயிருப்ப."

"ஆமாங்க. போயிருப்பேன்."

"எனக்குப் பயமா இருந்துச்சு விஜயா."

"பயம் உங்களுது. கண்ணு என்னுது."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அது தானா நின்னுரும்னு நெனச்சேன். மருந்துதான் போட்டுக்கிட்டு இருந்தமே. நின்னுரும்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த நான்கைந்து மாதம், தினமும் மூன்று வேளை, அவள் தலையை மடியில் சாய்த்து அந்தச் சொட்டு மருந்தை விட்டவன் அவன். ஒரு வேளை தவறியதில்லை. கடைசிச் சில நாட்களில் அவன் கை நடுங்கும். தன்மேல் உள்ள பாசம் என்று அவள் அதை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் அவள் பேசவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கண்ணாயி வந்து சோறாக்கிப் போட்டாள். நான்காம் நாள் மத்தியானம் தஹ்ஸீன் கொடுத்த கேசட்டைப் போட்டாள்.

வக்கீல் கேட்கிறார்: கண் தெரியாத நீ என்னத்தைப் பார்த்துவிட்டுச் சாட்சி சொல்ல வந்தாய்? குஞ்சம்மாள் சொல்கிறாள்: "நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஆறு பேர் இந்தக் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லமாட்டார்கள் என்பதால்தான் நான் வந்தேன்." தஹ்ஸீனின் தட்டையான குரலில் அது தந்தி வாசகம்போல விழுந்தது. விஜயா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கு மேல் நாலைந்து பக்கம் கேள்வியும் பதிலும். அப்புறம் தீர்ப்பு. வீட்டுக்குத் திரும்பிய குஞ்சம்மாளுக்கு யாரும் சோறு போடவில்லை. ஒரே பத்தியில் கிணற்றில் விழுந்துவிட்டாள். அவள் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுப்பதில்லை. தில்லைநாயகிகூட எடுப்பதில்லை.

இதற்கா அழுதோம் என்றிருந்தது விஜயாவுக்கு. சாட்சி சொல்லி முடித்த குருட்டுப் பெண்ணை மேற்கொண்டு என்ன செய்வதென்று எழுதிய மனுஷனுக்கும் தெரியவில்லை. மை பூசுவதற்கு முன்பே அவர் அவளைக் கிணற்றில் தள்ளிவிட்டிருந்தார். டேப் ஓடி முடிந்து பொத்தான் தானாக எழும்பியது.

தை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாள். சிவபிரகாஷ் ஒன்றும் கேட்காமல் கிளம்பினான். டாக்டர் ஒரு பெண். வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், கண் அழுத்தம் பார்த்தாள். நரம்பு முழுதாகச் செத்துவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

"அன்னிக்கே வந்திருந்தா?" என்று விஜயா கேட்டாள்.

டாக்டர் பழைய கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "அது இப்ப எதுக்கும்மா" என்றாள்.

"தெரிஞ்சுக்கத்தான்."

"ஆபரேஷன் பண்ணியிருந்தா இடது கண்ணுல ஓரளவு நின்னிருக்கலாம். உறுதியா யாரும் சொல்ல முடியாது." பிறகு, இடையிடையே வரும் கண் வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தாள். சிவபிரகாஷ் எழுந்து வெளியே போன காலடி கேட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், அவன் பக்கத்தில். நாமக்கல் தாண்டியதும் டாக்டர் எழுதியதைப் படிக்கச் சொன்னாள். அவன் படித்தான்: இந்த மாத்திரை ராத்திரிக்கு ஒன்று, இந்தச் சொட்டு வலி இருந்தால் மட்டும். அவள் கேட்டுக்கொண்டாள். சீட்டை அவன் கையிலிருந்து வாங்கி, முன் சீட்டில் இருந்த பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"ஏனுங்க, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? எனக்குக் கண்ணு தெரியாதுங்க."

அந்தப் பெண் சீட்டைப் பார்த்தாள், சிவபிரகாஷைப் பார்த்தாள். "உங்க ஊட்டுக்காரரு பக்கத்துலதான இருக்காரு?"

"இருக்காருங்க. நீங்க படிங்க."

அந்தப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்தாள். சிவபிரகாஷ் படித்தபடியேதான் இருந்தது. விஜயா சீட்டை மடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் இரண்டு பேர் படிக்காமல் பெட்டிக்குள் போனதில்லை. சின்னராசு பஸ்ஸை நிறுத்திவிட்டு நின்றபடியே படிப்பார். காப்பி வாங்க வருகிறவர்கள் படிப்பார்கள். தஹ்ஸீன் இருந்தவரை அவளும் எப்போதாவது வந்து படித்தாள். அடுத்த வருஷம் கல்யாணமாகி ஆம்பூர் பக்கம் போய்விட்டாள். செவிநூல் வட்டத்திலிருந்து கேசட் வருவது நிற்கவில்லை. அம்சவேணி திரும்பவும் படிக்க வந்திருந்தாள். முன்னைவிட நன்றாகவே படித்தாள். விஜயா எல்லாவற்றையும் கேட்டாள், எங்கே ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டே. கதை கேட்பது அவளுக்கு அத்தோடு போனது. அம்சவேணிக்கு நல்ல வார்த்தை எதுவும் அவள் சொல்லி அனுப்பவில்லை.

சிவபிரகாஷ் வெந்நீர் விளாவி வைப்பதை விடவில்லை. வழியில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி எறிவதையும் விடவில்லை. படிப்பதை மட்டும் விட்டுவிட்டான். தபால் வந்தால் பிரிக்காமல் அவள் மடியில் போடுவான். "யாரயாச்சும் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, ரோட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் யாராவது போகிறார்களா என்று பார்க்கப் போவான்.